குப்புறப் படுத்த நான்காம் நாள்

தலையருகே யாரோ வந்து நின்றார்கள், "துலோ" சொல்லவில்லை.

தீவு நகரமான சுவாவில், படுத்திருப்பவர் தலையருகே எவரும் நிமிர்ந்து போவதில்லை. சண்டைக்கு வந்தவன்கூடக் குனிந்து, "துலோ" என்று பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் நகர்வான்.

மெரெசெய்னியால் தலையைத் தூக்கிப் பார்க்க முடியாது. சந்தையில், இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர் விற்பவள். கண் அழற்சி வலது கண்ணை எப்போதோ குடித்துவிட்டது; இடது கண்ணிலும் விழித்திரையைப் பிரித்துவிட்டது. மருத்துவர் அறுவை செய்து திரையை ஒட்டி, அது நழுவாமல் அழுத்திப் பிடிக்க உள்ளே ஒரு வாயுக் குமிழியை நிரப்பியிருந்தார். ஏழு நாள் குப்புறக் கிடக்க வேண்டும். நிமிர்ந்தால் திரை விழும். மறுபடி ஒட்ட முடியாது. இது நான்காம் நாள், நண்பகல்.

மெத்தையில் படுத்து, அதன் விளிம்பில் சுருட்டி வைத்த துண்டில் நெற்றியை ஊன்றியிருந்தாள். முகத்துக்கும் கீழே தரையில் விரித்த பாய்க்கும் நடுவே ஒரு சாண். அந்தச் சாணுக்குள் இருப்பது மட்டும் தெளிவு; அப்பால் எல்லாம் கலங்கல். கலங்கலில் இரண்டு கால்கள்.

"யாருடி அது, மரியாதை இல்லாம?"

அடுக்களையிலிருந்து தங்கை விலிமைனா சிரித்தாள். "யாருமில்லக்கா. பாய்கூடயே பேசிக்கிட்டிருந்தா பாய்க்குக் காலும் முளைக்கும்."

"நெசமாத்தான்டி. ரெண்டு கால்."

"ஆம்பளக் காலா? கல்யாணம் ஆச்சான்னு கேட்டு வை. நான் வாசல்ல மீன் வாங்கிட்டு வரேன். தலையத் தூக்கின, நானே உடைச்சிருவேன்!"

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தகரக் கூரையில் மழை சீராக இறங்க, அடுக்களையில் கொதிக்கும் தேங்காய்ப்பாலின் மணத்தை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு, கடல் வற்றிய சேற்றின் வாடை பாய்மேல் ஊர்ந்து வந்து அவள் மூக்கடியில் தங்கியது.

பாய் நனைந்தது. பக்கவாட்டிலிருந்து ஒரு கால்விரல் அந்தச் சாணுக்குள் நுழைந்தது. பல நாள் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல். நகம் இல்லை.

"அக்கா," என்றது தலைக்கு மேலே விலிமைனாவின் குரல். "ஆஸ்பத்திரிலேருந்து போன். போதுமாம். எழுந்திரு."

நான்கு நாள் நொந்த கழுத்து, கேட்டதும் விரற்கடை உயர்ந்தது.

அப்போது வாசலில், மழைக்கு மேலாக, விலிமைனா கத்தினாள்: "இந்தக் குஞ்சு மீனுக்கா இந்த விலை? கடலுக்கு உங்கப்பன் வாடகை கட்டுறானா?"

மெரெசெய்னி நெற்றியைத் துண்டில் புதைத்தாள்.

"எழுந்திருக்கா," என்றது மேலே இருந்த விலிமைனா.

"மாட்டேன்."

விரல் பின்வாங்கியது.

மழை. மூச்சு. அவளுடையது மட்டும்.

பிறகு பாய்மேல் ஈரக் கூந்தல் வந்தது. முதலில் நுனி. பிறகு கொத்தாக. பின்னாலேயே ஒரு நெற்றி. மல்லாந்து படுத்து, முதுகால் நகர்ந்து, ஏதோ அவள் முகத்தடியில் நுழைந்துகொண்டிருந்தது.

கண்ணை இறுக மூடினாள்.

கீழிருந்து மூச்சு உதட்டில் பட்டது. குளிர்ந்த மூச்சு.

இரண்டு ஈர விரல்கள் அவள் இடது இமையைப் பிடித்தன. மெல்ல விரித்தன.

ஒரு சாண். அவ்வளவு தெளிவு.

கீழே கிடந்த முகத்தில் இரண்டு குழிகளும் காலியாக இருந்தன. மூன்றாவது விரல் மேலே வந்துகொண்டிருந்தது.