நகத்தளவு போதும்

மழை விட்டிருந்த ஒரு பிப்ரவரி மத்தியானம் லோரியும் அவள் கணவன் கெதினும் வீடு பார்க்க வந்தார்கள். ஸ்வான்சீ நகரத்துக்கு மேலே, மலைச்சரிவில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் கல் வீடுகளில் கடைசி வீடு அது. லோரிக்கு நிறைமாதம். படியேறி வந்ததில் மேல்மூச்சு வாங்கியது. வீட்டுக்காரி நெஸ்டா அவளை அடுப்படி நாற்காலியில் உட்கார வைத்து, டீ ஊற்றி, கல்லில் சுட்ட திராட்சை கேக்கை முன்னால் நகர்த்தினாள். முகம் சிரித்தது. கை மட்டும் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது.

ஏப்ரலுக்குள் இந்த வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"எல்லாரும் வெயில் காலத்துல விப்பாங்க. நீங்க இந்தக் குளிருல விக்கிறீங்களே," என்றான் கெதின்.

"தனிக்கட்டைக்கு வெயிலென்ன, குளிரென்ன தம்பி. கேக் எடுத்துக்கோ."

சாமர்த்தியமான பதில்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் விவரம் தெரிந்தவர்கள் குளிர்காலத்தில் விற்பனைக்கு வரும் வீட்டைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். காரணம் நாட்வீட் என்ற செடி. எந்தக் காலத்திலோ ஜப்பானிலிருந்து யாரோ அழகுக்காகக் கொண்டுவந்த சனியன். குளிரில் மண்ணுக்கு மேலே செத்துக் கிடக்கும். மூங்கில் மாதிரி காய்ந்து நிற்கும் தண்டுகளை வெட்டிவிட்டால் கொல்லை துடைத்துவிட்டது போல இருக்கும். வசந்தம் வந்ததும் சிவப்புக் குருத்துகள் கிளம்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆள் உயரம் ஆகிவிடும், சுவர் இடுக்கைக்கூடப் பிளந்துவிடும். அது இருக்கிற வீடு என்றால் கடன் கொடுக்கிற வங்கி பின்வாங்கும். அதனால் விற்கிறவரிடம் வக்கீல் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார், உண்டா, இல்லையா என்று.

நெஸ்டா இல்லை என்று சொல்லிவிட்டாள். ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் பாடுகிறவள், கூசாமல் சொன்னாள். கொல்லை முழுக்கக் கெட்டியான கறுப்பு பிளாஸ்டிக்கை விரித்து, மேலே பலகைக் கற்களைப் பதித்து, இரண்டு பூந்தொட்டியையும் வைத்துவிட்டாள்.

அவள் பயந்தது செடிக்கு அல்ல.

அவள் கணவன் இட்ரிஸ் அந்தச் செடியோடு மல்லுக்கட்டியே காலத்தைக் கழித்தவன். வெட்டினான், கொளுத்தினான், தண்டு தண்டாக ஊசி குத்தி மருந்து ஏற்றினான். "விரல் நகம் அளவு துண்டு மண்ணுல கெடந்தா போதும் நெஸ், முழுசா திரும்பி வந்துரும்," என்பான். நெஸ் என்று அவளைக் கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான். கடைசியில் வேரையே பிடுங்குகிறேன் என்று கொல்லையில் பெரிய குழி தோண்டினான். ஒரு மழைநாளில் குழியின் சுவர் சரிந்து அவனை மூடிவிட்டது.

உடலை எடுத்தார்கள். வலது சுட்டுவிரல் நுனி மட்டும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்காமல், குழியை மூடினார்கள்.

அடுத்த வசந்தத்தில் முதல் குருத்து கிளம்பிய அன்று, மண்ணுக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

டொக். டொக்.

நெஸ்டாவுக்குத் தெரிந்த சத்தம். அவனுக்குச் சர்க்கரை வியாதி. டீயில் ஒரு கரண்டிதான் போடுவாள். அவன் பேசாமல் மேசையை இரண்டு தட்டுத் தட்டுவான், இரண்டு கரண்டி வேண்டுமாம். டீ வரத் தாமதமானால் எல்லா விரலாலும் தாளம் போடுவான்.

முதல் வருஷம் ஒரு விரல்தான் தட்டியது. அப்புறம் வருஷத்துக்கு வருஷம் விரல்கள் கூடின.

போன வருஷம் கை முழுசாக வந்துவிட்டிருந்தது.

"கொல்லையப் பாக்கலாமா?" என்று லோரி எழுந்தாள். மூவரும் பலகைக் கற்களின் மேல் போய் நின்றார்கள். ஈர மண் வாசனையும், அதற்கடியில் இரும்புத் துருவைப் போல ஒரு நெடியும் வந்தன.

லோரி தலையைச் சாய்த்தாள். "ஏதோ தட்டுற மாதிரி இல்ல?"

"பைப்பும்மா. பழைய வீடு, அப்படித்தான் மொனகும்."

"இவனும் கூடவே ஒதைக்கிறான்," என்று லோரி வயிற்றைத் தடவிச் சிரித்தாள்.

இந்த வருஷம் குருத்துக்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. சொல்லிவிடலாமா என்று நெஸ்டாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. பாவம், பச்சைக் குழந்தை வரப்போகிற வீடு. பிறகு குருத்து கிளம்பும் ஏப்ரலை நினைத்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

வீடு விற்றது. நெஸ்டா கடலோரத்தில் மூன்றாம் மாடியில் ஒரு சின்ன வீடு வாங்கிப் போனாள். பூந்தொட்டி கூடக் கொண்டுபோகவில்லை. மண்ணே இல்லாத இடத்தில், பல வருஷங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

மே மாதம் வக்கீல் கூப்பிட்டார். வாங்கியவர்கள் கற்களைப் பெயர்த்துப் பார்த்துவிட்டார்களாம். தெரிந்தே பொய் சொன்னதற்கு அவளே பொறுப்பாம். இழுபறி அடுத்த வருஷம் வரை நீண்டது. கடைசியில் பணத்தைத் திருப்பிக் கொடுத்து வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மூன்றாம் மாடி வீடு அதற்கே போயிற்று. காட்டிக்கொடுத்தது பக்கத்து வீட்டு டில்வின்தான் என்று நெஸ்டா அவனை மனசாரச் சபித்தாள்.

அந்த ஜூலையில் நெஸ்டா மலைச்சரிவு வீட்டுக்குத் திரும்பி வந்தபோது லோரி சாவியோடு வாசலில் நின்றாள். இடுப்பில் குழந்தை.

"திட்டணும்னுதான் வந்தேன். உங்களப் பாத்தா வாய் வரல."

"திட்டும்மா. ஒன்னு மட்டும் சொல்லு. டில்வின்தானே சொன்னான்?"

லோரி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். குரல் தணிந்தது.

"அவரு இல்லீங்க. ஒரு ராத்திரி கொல்லையில ஒரு பெரியவரு. கல் இடுக்குல குருத்து வந்திருந்த இடத்துல, சுவரோரமா நின்னாரு. இருட்டுல மொகம் தெரியல. கைய மட்டும் ஜன்னல் வெளிச்சத்துல நீட்டி, இந்தக் கல்லுக்குக் கீழ பாரும்மான்னாரு. கெதின் கிட்டகூட நான் சொல்லல."

"கை எப்படி இருந்துச்சு?" என்றாள் நெஸ்டா.

"சுட்டுவிரல் நுனி மட்டும் வேற மாதிரி இருந்துச்சு. செவப்பா, புதுசா. இதோ, இவன் விரல் மாதிரி."

"வேற என்ன சொன்னாரு?"

"நெஸ் எப்ப வருவான்னு கேட்டாரு."

சாவியை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு லோரி வேகமாகப் படியிறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நெஸ்டா உள்ளே போனாள். ஜன்னலை இலைகள் முழுசாக மூடியிருந்ததால் அடுப்படி பட்டப்பகலிலும் பச்சை இருட்டாகக் கிடந்தது. பலகைக் கற்கள் சரிந்து, தண்டுகள் கதவுவரை வந்துவிட்டிருந்தன. ஓடலாம் என்றால் எங்கே ஓடுவது? கையில் காசில்லை. இந்த வீட்டை இனி ஒருவரும் வாங்கப்போவதில்லை. சாகும்வரை இங்கேதான் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அழக்கூட வரவில்லை.

தாளம் கேட்டது.

மண்ணுக்கு அடியில் அல்ல. அடுப்படி மேசையில்.

இரண்டு கையாலும்.

அவள் திரும்பவில்லை. கெட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தாள். அலமாரியிலிருந்து இரண்டு கோப்பைகளை எடுத்தாள். தாளம் நின்றது. முதுகுக்குப் பின்னால் நாற்காலி ஒன்று நகர்ந்து, கனம் தாங்காமல் முனகியது.

டீயை ஊற்றி, சர்க்கரை டப்பாவைத் திறந்து, பழக்க தோஷத்தில் ஒரு கரண்டி போட்டாள்.

மேசை மேல் இரண்டு தட்டு விழுந்தது.