இழப்பைத் தாங்குதல், நான்காம் நிலை

எட்டு மணி பத்து நிமிடத்துக்குப் பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழும்படி ரெமிஜியுஸுக்குக் கோரிக்கை வந்திருந்தது. விழுந்தார். முழங்கை சிமெண்டுத் தரையில் நன்றாகவே இடித்தது. பள்ளிச் சீருடை போட்ட ஒரு பெண் ஓடிவந்து நாடி பிடித்துப் பார்த்தாள். சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். சுற்றி நின்றவர்களைக் காற்று வரும்படி விலகச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. அவள் காதின் பின்னால் ஒட்டியிருந்த மணி, பூசை மணி போல ஒருமுறை ஒலித்தது.

"முதலுதவி மூணாம் நிலை முடிஞ்சிட்டு! ரொம்ப நன்றி அங்கிள்."

நின்றவர்கள் கைதட்டிவிட்டுக் கலைந்தார்கள். ரெமிஜியுஸ் சட்டையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு துறைமுகப் பேருந்தில் ஏறினார். அங்கே கிரேன் இயக்குபவர் அவர்; ஒன்பது மணிக்கு வேலை. தூத்துக்குடியில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. மேல்நிலைப் பள்ளியில் பிள்ளை படிக்கும் வீடுகளெல்லாம் ஊரார் பிள்ளைகளுக்காக இப்படி ஏதாவது செய்துகொண்டுதான் இருந்தன.

பரீட்சை ஒழிந்து பதினோரு வருடமாகிவிட்டது. மதிப்பெண் இல்லை, வகுப்பு இல்லை, தோல்வி என்ற சொல்லும் இல்லை. நூற்றுப் பதினெட்டுத் திறன்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அவற்றை அடையலாம். அடையாத திறனுக்கு எதிரே 'இன்னும் இல்லை' என்று மட்டும் இருக்கும். காதின் பின்னால் ஒட்டியிருக்கும் தேர்ச்சிமணியை மனப்பாடம் செய்து ஏமாற்ற முடியாது. மூச்சு, நாடி, பார்வை, பேச்சு எல்லாவற்றையும் அது இடைவிடாமல் கவனித்தது. கற்றது உடம்போடு ஒட்டிப்போன பிறகுதான் ஒலித்தது. பள்ளிக்குள்தான் திறனைக் காட்ட வேண்டும் என்றும் இல்லை. வீடு, தெரு, கடை, எங்கே காட்டினாலும் சான்றுதான். வாழ்க்கை தானாக வாய்ப்புத் தராவிட்டால், வாய்ப்பகம் என்ற அமைப்பு அதை ஏற்பாடு செய்துகொடுக்கும்.

ரெமிஜியுஸின் வீட்டுச் சுவரில் மகள் அமலியின் திறன்மரம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பதினாறு வயதிலேயே நூற்றுப் பதினேழு இலைகள் பச்சையாகிவிட்டன. உச்சியில் ஒன்று மட்டும் சாம்பல் நிறம்: இழப்பைத் தாங்குதல், நான்காம் நிலை. மருத்துவக் கல்லூரியில் அது இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். சாவைத் தினமும் பார்க்கப் போகிறவர்களுக்கு அது வேண்டாமா?

இந்தத் திறனின் இரண்டாம் நிலை, அவளுடைய உயிர்த்தோழி குடும்பத்தோடு ஓசூருக்கு மாறிப்போனபோது முடிந்தது. மூன்றாம் நிலை, பூனை காணாமல் போனபோது. பூனை கோவில்பட்டியில் ஒரு வீட்டில் நன்றாகவே இருந்தது என்பது அவருக்கும் மனைவி பெர்னதெத்துக்கும் தெரியும். தோழி விஷயத்தில் என்ன நடந்தது என்று அவர்கள் விசாரித்துக்கொள்ளவில்லை.

சித்திரை மாதத்தில் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. வழிகாட்டி முத்துச்செல்வி இருவருக்கும் மோர் கொடுத்து உட்காரச் சொன்னார்.

"நாலாம் நிலைக்கு வீட்டுலேர்ந்து ஒருத்தர் போகணும்," என்றார். "யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்க."

"போகணும்னா?" என்றார் ரெமிஜியுஸ்.

"அவளைப் பொறுத்தவரைக்கும் இறந்துரணும் சார். மத்தபடி ஒரு குறையும் இருக்காது. நல்ல இடம், நல்ல சாப்பாடு."



"அவளுக்கு அவுக அப்பான்னா உசிரு மேடம்," என்றாள் பெர்னதெத்.

"அப்ப சார்தான் பொருத்தம்," என்று முத்துச்செல்வி குறித்துக்கொண்டார்.

பெர்னதெத் அதற்காகச் சொல்லவில்லை.

"எத்தனை நாளைக்கு?" என்றார் ரெமிஜியுஸ்.

"நம்ம முறையில நாள் கணக்கே கிடையாதே சார். காலம் எவ்வளவு வேணும்னாலும் ஆகட்டும், தேர்ச்சி முழுசா இருக்கணும். அவகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிரக் கூடாது. சொன்னா சான்று செல்லாது. அடுத்த தடவை நெஜமாவே நடந்தாலும் அவ நம்ப மாட்டா. அந்த இலை பச்சையாகவே ஆகாது."

முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் ரெமிஜியுஸ் எழுந்து வந்தார். ஆனால் அமலி தினமும் காலையில் அந்த மரத்தின் முன்னால் நின்றாள். அவளோடு படித்த நான்கு பேர் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். ஒருநாள் பல் துலக்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, எனக்கு மட்டும் ஏம்ப்பா அந்த வாய்ப்பு வரவே மாட்டேங்கு?"

அன்று மதியம் அவர் சம்மதம் தெரிவித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நண்பரின் ஃபைபர் படகில் தூண்டில் போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அமலி வாசல்வரை வந்து தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். "சீக்கிரம் வந்துருங்கப்பா, வெயில் கொல்லுது." முயல் தீவுக்கு அப்பால் இன்னொரு படகு காத்திருந்தது. நண்பர் கண்ணைப் பார்க்காமல் கைகொடுத்து ஏற்றிவிட்டார். மதியத்துக்குள் கவிழ்ந்த படகைக் கண்டுபிடித்தார்கள். நண்பர் நீந்திக் கரை சேர்ந்ததாகச் சொன்னார். கடலில் தேடியவர்களுக்கும் கோரிக்கை போயிருந்தது. பங்குச் சாமியாருக்கும் போயிருந்தது. பத்தாம் நாள் உடல் இல்லாமலே பூசை வைத்தார்கள். அந்தக் கோவிலில் உண்மை தெரியாதவள் அமலி ஒருத்திதான்.

காத்திருப்பகம் கடையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது. இறந்துபோனவர்கள் நாற்பத்திரண்டு பேர் அங்கே இருந்தார்கள். ஆளுக்கு ஓர் அறை, ஒரு திரை. திரையில் பிள்ளையின் துயரக்கோடு ஏறி இறங்கும். தினமும் பத்து நிமிடம், மணி கேட்பதை அவர்களும் கேட்கலாம்.

முதல் வாரம் அவர் அழுகையைத்தான் கேட்டார். பிறகு அவருடைய நீலச் சட்டையை வைத்துக்கொண்டு அவள் பேசுவதைக் கேட்டார். அன்றைக்குப் பள்ளியில் நடந்ததையெல்லாம் சட்டையிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். ரெமிஜியுஸ் எழுந்து வெளி வாசலை நோக்கி நடந்தார். பக்கத்து அறைக்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"போகாதீக அண்ணாச்சி. இப்பப் போனா பிள்ள அழுததெல்லாம் வீணாப் போயிரும்."

அவர் பெயர் சங்கரலிங்கம். புளியங்குடி எலுமிச்சை வியாபாரி. வந்து பதினான்கு மாதமாகிறது. அவருடைய மகள் இன்னும் தினமும் காலையில் பேருந்து நிலையத்துக்குப் போய், திருநெல்வேலியிலிருந்து வரும் முதல் வண்டியில் இறங்குகிறவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போகிறாள். அதைச் சொல்லும்போது சங்கரலிங்கம் கண் கலங்குவார். குரலில் ஒரு மிதப்பும் இருக்கும்.

அங்கே அது ஓர் அந்தஸ்து. மூன்று வருடமாக இருந்த ஒருவர் சாப்பாட்டுக் கூடத்துக்குள் வந்தால் மற்றவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். பிள்ளைக்கு மணி ஒலித்தால் பெற்றவரின் அறைக் கதவுக்கு மேல் விளக்கு எரியும். எல்லோரும் வாழ்த்தச் செல்வார்கள். எந்த முகத்தோடு வாழ்த்துவதென்று யாருக்கும் தெரியாது. ரெமிஜியுஸ் வந்த புதிதில் ஒருவருக்கு விளக்கு எரிந்தது. அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தார். அழைத்துப்போக வந்த வண்டி இரண்டு முறை ஒலியெழுப்பியது.

"ஒம்பதே நாள்," என்றார் அவர், பொதுவாக எல்லோரையும் பார்த்து. "ஒம்பதே நாளுதான்."

மூன்றாவது வாரம் அமலிக்குக் கோபம் வந்தது. கடல்மேல், படகுமேல், தொப்பி போட்டுக்கொண்டு போன அப்பாமேல். ஐந்தாவது வாரம் பேச்சே கேட்கவில்லை. பாத்திரம் கழுவும் ஓசை மட்டும் கேட்டது. ஏழாவது வாரம் யாரோ சொன்னதற்கு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் ரெமிஜியுஸ் இத்தனை வாரமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். ஆனாலும் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஐம்பத்து மூன்றாம் நாள், காலை பதினோரு மணி. திரையில் அவள் குரல் கேட்டது. கோவில் முற்றத்தில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சட்டையை நீங்க போட்டுக்கோங்க. எங்கப்பாவோடது. அவுக இப்ப இல்ல."

சொல்லும்போது அவள் மூச்சில் ஒரு சிறு தடுமாற்றம்கூட இல்லை. மணி ஒலித்தது. கதவுக்கு மேல் விளக்கு எரிந்தது. சங்கரலிங்கம் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "கெட்டிக்காரப் பிள்ள," என்றார். அந்தக் குரலில் இரக்கம் இருந்தது.

ரெமிஜியுஸ் வீட்டுக்குள் நுழைந்ததும் பெர்னதெத் அவர் நெஞ்சில் முட்டி முட்டி அழுதாள். அமலி கொஞ்சம் தள்ளி நின்றாள். அழுகை அடங்கியதும் கிட்டே வந்து அவர் கையைத் தொட்டாள்.

"வாங்கப்பா. பள்ளிக்கூடத்துல எல்லாம் சொன்னாங்க. கஷ்டப்பட்டுருப்பீங்க. நல்ல வாய்ப்புப்பா, ரொம்ப நன்றி."

"மக்ளே, அப்பாவை மன்னிச்சிரு."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா."

"கோவமா இருந்தா திட்டிரு. ரெண்டு அடிகூட அடி."

அவள் யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே உள்ளே தேடிப் பார்ப்பது போல இருந்தது. "கோவம் மூணாவது வாரத்தோட முடிஞ்சிட்டுப்பா," என்றாள்.

அவரிடம் அவள் மரியாதையாக நடந்துகொண்டாள். தண்ணீர் கேட்டால் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் சொன்ன கதைகளைப் பொறுமையாகக் கேட்டாள். ஒரு மதியம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அப்பா இருந்தப்ப இந்த நாற்காலி சன்னல் பக்கம் கெடந்துச்சு, இல்லம்மா?" என்றாள். பெர்னதெத்தின் கையிலிருந்த கரண்டி நின்றது. அமலி அவரைப் பார்த்துப் புன்னகைத்து, "மீன் வைக்கட்டா?" என்று கேட்டாள்.

ஒரு வாரம் பார்த்துவிட்டு ரெமிஜியுஸ் முத்துச்செல்வியிடம் போனார்.

"இதைத் திருப்பி எடுக்க முடியுமா மேடம்?"

"எதை சார்?"

"அந்த இலையை. அது பழையபடி சாம்பலாவே இருந்துட்டுப் போகட்டும். கல்லூரி வேண்டாம்."

முத்துச்செல்வி பேனாவை மூடி வைத்தார். "அந்தக் காலத்துல பரீட்சை முடிஞ்ச மறுநாளே பிள்ளைங்க எல்லாத்தையும் மறந்துருவாங்க. அந்தக் குறைக்காகத்தானே சார் இந்த முறையைக் கொண்டுவந்தோம்? இப்ப ஒரு பிள்ளை ஒண்ணைக் கத்துக்கிட்டா அது போகாது. ஒரு இடத்துல கத்துக்கிட்டதை எல்லா இடத்துலயும் பயன்படுத்தும். அதுதான் தேர்ச்சி."

"நான்தான் திரும்பி வந்துட்டேனே. எதிர்லதானே உக்காந்திருக்கேன்."

"நீங்க வந்துட்டீங்க," என்றார் முத்துச்செல்வி. பிறகு மேசை மேலிருந்த தாள்களை அடுக்கியபடி சொன்னார், "என் மகளும் நாலாம் நிலை முடிச்சவதான் சார். பெங்களூர்ல இருக்கா."

"அடிக்கடி பேசுவாளா?"

"தேவைப்பட்டாப் பேசுவா."

ஆடி மாதம் அமலிக்குச் சென்னையில் இடம் கிடைத்தது. பகல் வண்டியில் ஏற்றிவிட இருவரும் போனார்கள். நடைமேடை முழுக்கக் குடும்பங்கள். வெயிலில் வியர்த்தபடி பெற்றோர்கள் சன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். அழுதவர்கள் எல்லோரும் வெளியே நின்றவர்கள்தான்.

"போய்ச் சேந்ததும் போன் பண்ணு மக்ளே," என்றார் ரெமிஜியுஸ்.

"அம்மாவுக்குப் பண்ணுதேன்," என்றாள் அமலி. அதில் குத்தல் எதுவும் இல்லை. வழக்கத்தைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

வண்டி நகர்ந்தது. அவள் கை அசைத்தாள். கடைசிப் பெட்டியும் போன பிறகு நடைமேடையில் பெற்றோர்கள் மட்டும் நின்றார்கள். யாரும் உடனே கிளம்பவில்லை.

பெர்னதெத் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நேத்து மத்தியானம் எனக்குத் தலை வாரிவிட்டா அவ," என்றாள். "வாரிக்கிட்டே ஒண்ணு சொன்னா."

"என்ன சொன்னா?"

"அம்மா, நாளைக்கு உங்களுக்கே ஏதாச்சும் ஆனாலும் நான் தாங்கிக்கிடுவேன். என்னை நெனச்சு நீங்க பயப்பட வேண்டாம்னா."

ரெமிஜியுஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாசமாத்தாங்க சொன்னா," என்றாள் பெர்னதெத். "அதான் எனக்குப் பயமா இருக்கு."