ஒழுகாத வீட்டில் ஒரு வாளி

"அண்ணி... இது என்ன கூத்து?"

காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள் மாரியூசி. வீட்டை விற்பதற்காக மலைநகரமான கீட்டோவிலிருந்து வந்திருந்த, நார்சிசாவின் நாத்தனார். வாங்க வருகிறவர்கள் கண்ணுக்காக வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்த வெள்ளை சோபாவுக்கு முன்னால், கூடத்தின் நட்டநடுவில், பாதித் தண்ணீரோடு ஒரு வாளி உட்கார்ந்திருந்தது. குவாயாகிலில் மழைக்காலம். கூடத்தில் வாளியைப் பார்த்தால் கூரை ஒழுகுகிறது என்று யாருக்கும் புரியும். போன இரண்டு தடவையும் வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிப் போனார்கள்.

நார்சிசா வாளியைத் தூக்கினாள். அந்த வீட்டை ஜோடித்ததே அவள்தான். கொடித்துணியை ஒளித்து, செத்துப்போன கணவனின் படத்தைத் தன் கையாலேயே கழற்றி, வாழைக்காய் கிடந்த மேஜையில் பச்சை ஆப்பிள் அடுக்கி, வீடு மணக்க அடுப்பில் பட்டையைக் கொதிக்கவிட்டு... இத்தனையும் செய்தவள் வாளியையும் வைப்பாளா? கேட்க ஆளில்லை.

"வீடு வித்ததும் அப்பா என்கூட கீட்டோ வந்துடுவாரு, உங்களுக்குப் போக்கிடம் இல்ல. அதானே வயித்தெரிச்சல்? அண்ணன் போனப்புறமும் உங்களை இங்க வெச்சிருந்தோமே, நல்லாச் செஞ்சீங்க. இன்னைக்கே மூட்டையைக் கட்டுங்க."

நார்சிசாவின் கண் நிறைந்தது. வாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வீடு பார்க்க ஒரு இளம் ஜோடி வாசலில் வந்து நின்றது. மாடிப்படியிலிருந்து முட்டியைப் பிடித்துக்கொண்டே மாமனார் எலெயுத்தேரியோ இறங்கி வந்தார்.

"அவளை ஏன்டி விரட்டுற? வாளியை வெச்சது நான்."

"அப்பா..."

"படியேற முட்டி ஒத்துக்கல, வித்துடலாம்னு நான்தான் சொன்னேன். அதுக்காக என்னை ஒரு வார்த்தை கேக்காம அந்தக் கீட்டோ குளிருக்குக் கட்டி இழுத்துட்டுப் போவியா? இத்தனை வருஷமா எனக்கு சோறு போட்டு, மருந்து குடுத்து, என் முணுமுணுப்பையும் கேட்டவ இவ. இவளைத் தெருவுல விட்டுட்டு நான் எப்படிம்மா வருவேன்? உன்கிட்ட சொல்ல பயம். அதான்..."

மாரியூசி அண்ணியைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"போன தடவை ஆள் உள்ள வர்ற நேரத்துல மாமா வாளியோட நின்னாரு. பார்த்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா அவரைத் திட்டுவீங்க. எனக்கு உங்க திட்டு பழக்கம்தானே."

மாரியூசி அப்படியே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நார்சிசா கையிலிருந்த வாளித் தண்ணீர் முழுக்க வாடகை சோபாவில் கொட்டியது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

வந்தவன் தொண்டையைக் கனைத்தான். "ஐயா... கூரை ஒழுகுமா, ஒழுகாதா?"

"நான் போட்ட கூரைப்பா. ஒரு சொட்டு விழுந்தா வீட்டைச் சும்மாவே எடுத்துக்க."

கிழவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒவ்வொரு அறையாக அவரே இழுத்துப்போய்க் காட்டினார். திரும்பி வந்தபோது வந்தவனின் மனைவி கேட்டாள், "இவ்வளவு ஆசையா கட்டின வீட்டை விட்டுட்டு எங்க போவீங்க?"

கிழவர் மகளைப் பார்த்தார். மாரியூசி மூக்கைத் துடைத்துக்கொண்டு முந்திக்கொண்டாள்.

"இதே ஊர்லதான். படி இல்லாத சின்ன வீடா பார்க்கணும். எங்கப்பாவும் எங்க அக்காவும் இருக்கறதுக்கு."

அவள் நார்சிசாவை அக்கா என்று சொன்னது அதுதான் முதல் தடவை.