போயிட்டு வாங்கப்பா

கதவோரம் வெளியே பார்க்க விட்டிருந்த செருப்பு உள்ளே பார்க்கத் திரும்பியிருந்தது.

மகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலரை மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அப்பா இறந்து பதினெட்டு நாள். மூன்று வயதுப் பாப்பாவைக் கணவரிடம் விட்டு வந்தும் பதினெட்டு நாள். இன்றைக்காவது பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளாவிட்டால் அவளுக்குப் பைத்தியம்தான் பிடிக்கும். செருப்பைக் காலாலேயே திருப்பிவிட்டு, பையை எடுக்க உள்ளே போனாள்.

அப்பாவின் வழக்கம் அது. பூட்டு ரிப்பேர்க்காரர், தங்கமான மனுஷன். கடையை அடைத்து வந்ததும் கதவோரம் குந்தி உட்கார்ந்து எல்லார் செருப்பையும் உள்பக்கமாகத் திருப்பி, எண்ணி, சாவியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "எல்லாரும் வந்தாச்சா?" என்பார். அடுப்படியிலிருந்து அம்மா "வந்தாச்சுங்க" என்ற பிறகுதான் இரண்டாவது சுற்று. ஊருக்கெல்லாம் மாற்றுச் சாவி போட்டவர், தன் வீட்டுக்கு மட்டும் போடவில்லை. எல்லாரும் உள்ளே இருக்க, இன்னொன்று யாருக்கு என்று சிரிப்பார். அப்படியோர் அப்பா எத்தனை பேருக்குக் கிடைப்பார்!

ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ கடைக்குக் கிளம்புகிறவர் போல, "போயிட்டு வரேன்மா" என்றார். பிறந்ததிலிருந்து பழகிய வாய், யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டது. "போயிட்டு வாங்கப்பா." பக்கத்தில் நின்ற அம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

பையோடு திரும்பியபோது செருப்பு மறுபடி உள்ளே பார்த்திருந்தது. பக்கத்தில் அம்மாவுடையது. அதற்கும் பக்கத்தில் அப்பாவின் தோல் செருப்பு.

அது ஆஸ்பத்திரியிலேயே தொலைந்துபோன செருப்பு.

பூட்டுக்கு விடும் எண்ணெயும் இரும்புத் தூளும் வியர்வையும் கலந்த அந்த வாசனை, பதினெட்டு நாளாகச் சாத்தியே கிடந்த அப்பாவின் அறைக் கதவிடுக்கிலிருந்து கசிந்து, நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த கூடம் முழுக்கப் பரவ, உள்ளே அரம் இரும்பில் தேயும் சத்தம் நிதானமாகக் கேட்டது. வாசல் கதவை இழுத்தாள். அசையவில்லை. ஆணியில் சாவி இல்லை.

ஜன்னலுக்கு ஓடினாள். தெருவில் தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். கம்பியைப் பிடித்துக் கத்தினாள். இரண்டு முழத் தூரம்தான். மனுஷன் திரும்பவே இல்லை.

"பூட்டிட்டாரா?" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து. குரலில் பயம் இல்லை. நிம்மதி.

"அம்மா, திறக்கச் சொல்லும்மா. பாப்பா காத்துக்கிட்டிருப்பா."

"நீதானடி வாங்கன்னு சொன்ன. வந்துட்டார். ஒரு சுத்துதான் பூட்டியிருக்கார். இன்னும் ஒரு ஆள் வரணுமாம், நாலு நாளா சொல்லிக்கிட்டே இருக்கார்."

போன் அடித்தது. கணவர். அவருக்கு மூச்சு வாங்கியது.

"பாப்பா அங்க இருக்காளா? லூசு மாதிரி கேக்கறேன்னு நினைக்காத. கதவு பூட்டினபடியே இருக்கு. ஆளைக் காணோம். அவ செருப்பையும் காணோம்."

அறைக்குள் அரம் நின்றது.

கீச்.

நடந்தால் சத்தம் போடும் சிவப்புச் செருப்பு. பேத்திக்கு அப்பா ஆசையாக வாங்கிக் கொடுத்தது.

கீச். கீச்.

பாப்பா, வேண்டாம், வராதே என்று சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

கதவோரம் பார்த்தாள். நாலாவது ஜோடி. உள்ளங்கை அளவு. வெளியே பார்த்திருந்தது. யாரோ குந்தி உட்கார்ந்து திருப்புவதுபோல, முதலில் ஒன்று. பிறகு மற்றொன்று. மெல்ல, உள்பக்கமாக.

"எல்லாரும் வந்தாச்சா?"

அடுப்படியிலிருந்து அம்மாவும், மூடிய அறைக்குள்ளிருந்து மழலையாக இன்னொரு குரலும், சேர்ந்தே பதில் சொன்னார்கள்.

"வந்தாச்சு."

வாசல் கதவில் சாவி இரண்டாவது சுற்று சுற்றியது.