கொற்றவை கேட்ட தலை

மேற்கு மலைகளுக்குப் பின்னால் கதிரவன் இறங்கிக்கொண்டிருக்க, கிழக்கே எழுந்த வெண்ணிலா பெண்ணையாற்றின் மெலிந்த நீரில் வெள்ளிக் கோடுகளை இழுத்துக்கொண்டிருந்தது. கரையோரப் பாசறையில் குதிரைகள்கூடக் களைத்துத் தலை தொங்க நின்றன. அந்தப் பேரழகைக் காணும் நிலையில், அன்பார்ந்த வாசகர்களே, படைமருத்துவச்சி விடங்கி இல்லை. காயங்களுக்குக் கட்டுப் போட்டுப் போட்டு மரத்துப்போன கைகளை ஆற்றில் கழுவிக்கொண்டு, அரசர் மாறவேளின் கூடாரத்தை நோக்கி நடந்தாள்.

படைத்தலைவன் காரிக்கண்டனின் உயிர் அவள் சொல்லப்போகும் ஒரு சொல்லில் இருந்தது. தன் தலையைத் தந்தால் மன்னருக்கு வெற்றி தருவதாகக் கொற்றவை காதில் சொல்கிறாள் என்றும், விடிந்ததும் தன் கையாலேயே தலையை அரிந்து அவள் பீடத்தில் வைக்கப்போவதாகவும் அவன் அறிவித்திருந்தான். அந்நாட்டு வீரர்க்கு அதைவிடப் பெரிய பலி கிடையாது. ஆனால் பித்துப் பிடித்தவன் தலையைத் தேவி ஏற்கமாட்டாள். ஆகவே மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் பலி. பார்க்க வந்தவளோ அவனை நெடுநாளாக நேசிப்பவள்.

காரிக்கண்டன் கூடாரத்தின் மூலையில் உட்கார்ந்திருந்தான். விடங்கி நாடி பார்த்தாள்.

"அருளா, பித்தா? சுருங்கச் சொல்லும், மருத்துவச்சியாரே" என்றார் அரசர்.

"தம்பி போரில் மாண்ட நாள் முதல் இவர் உண்ணவில்லை, உறங்கவில்லை. இது நோய், அரசே."

அரசர் சிரித்தார். "சென்ற கோடையில் வடக்கு வாயிலைத் தாக்கும்படி தேவி சொன்னதாக இவன்தானே கூறினான்? கோட்டை விழுந்தது. நானும் கோயில் எடுத்தேன். அதுவும் நோய்தானோ? உமது கஷாயத்தில் கரைந்துபோகிற சாமியையா நான் கும்பிடுகிறேன்?"

"கோட்டை தந்த குரலுக்குத் தாங்கள் மருத்துவரை அழைக்கவில்லை. அது அருள், இது பித்து என்று பிரித்துச் சொல்லும் கல்வி எனக்கில்லை. வரும் வழியில் நானும் அவளைத்தான் வேண்டிக்கொண்டேன். என்னிடம் அவள் பேசவில்லை. உறங்காதவரிடம் தலை வாங்கக் கூடாது, அரசே. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்."

"பித்தனென்று பெயர் வாங்கி வாழச் சொல்கிறாயா, விடங்கி?" என்றான் காரிக்கண்டன். "தலை கொடுத்தால் நடுகல்லாவது மிஞ்சும்."

"நடுகற்களுக்குப் பூப்போட்டு என் கை ஓய்ந்துவிட்டது, ஐயா."

அரசர் காரிக்கண்டனின் இடையில் தொங்கிய வாளைப் பார்த்தார். பிறகு, "பித்தனென்றால் வாளைப் பறிப்போம். உறவினர் பொறுப்பேற்காவிட்டால் விலங்கு. இவனுக்கு இனி யார் இருக்கிறார்?" என்றார்.

விடங்கி அவன் இடையிலிருந்து வாளை உருவி, அதன்மேல் கை வைத்தாள்.

"நான் இருக்கிறேன். இவ்வாளின்மேல் ஆணை! இன்று முதல் இவர் மனைவி நான். தேவி இவரை எது கேட்டாலும் பதில் சொல்லவேண்டியவளும் நானே."

"பித்துதான்" என்று முணுமுணுத்தபடி வாளை வாங்கிக்கொண்டு, அரசர் வெளியேறினார். அவர் யாரைச் சொன்னாரோ!

காரிக்கண்டன் காதுகளைப் பொத்திக்கொண்டான். "அவள் இன்னும் கேட்கிறாள், விடங்கி."

"என்ன கேட்கிறாள்?"

"தலையைத்தான்."

விடங்கி தரையில் அமர்ந்து, அந்தத் தலையைச் சாய்த்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இங்கே இருக்கிறது. வந்து என்னிடம் கேட்கச் சொல்லுங்கள்."