வீட்டு லக்மான்

கிர்கிஸ்தானின் கரகோல் நகரத்தில், சந்தைக்குப் பின்னாலிருந்த பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில் பெர்மெத்தின் வீடு. அங்கே லிஃப்ட் கிடையாது. முன்பெல்லாம் அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை. அப்பா தாலாய்பெக் மாவு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, பாட்டு முணுமுணுத்தபடியே ஏறி வந்துவிடுவார்.

இலையுதிர் காலத்தில் ஒருநாள், கூரை போட்டுக்கொண்டிருந்த வீட்டின் மேலிருந்து அவர் தவறி விழுந்தார். உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அப்பா உள்ளறைக் கட்டிலிலேயே கிடந்தார். தூக்கி உட்கார வைக்க யாராவது வந்தால், வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சாப்பாட்டில் பாதி அப்படியே திரும்பி வரும்.

அந்த வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் எல்லாரும் லக்மான் கடைக்குப் போவது வழக்கம். லக்மான் என்றால் கையாலேயே நீள நீளமாக இழுத்த நூடுல்ஸ். அதன்மேல் ஆட்டிறைச்சி, குடைமிளகாய், முள்ளங்கி எல்லாம் போட்ட காரக் குழம்பு. குளிர்காலத்தில் அம்மா ஜிபெக் ஒருமுறை அதைக் கட்டி வாங்கி வந்தாள். பனியில் நடந்து மாடியேறி வருவதற்குள் நூடுல்ஸ் ஊறிப்போய் ஒரே கட்டியாகிவிட்டது. அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

இப்போது அம்மாவின் பிறந்தநாள் வந்தது. லக்மானை நாமே வீட்டில் செய்தால் என்ன என்று பெர்மெத் கேட்டாள். அவளுக்குப் பதினோரு வயது.

"கறி, காய்னு வாங்கினா கடையில சாப்பிடறதவிட அதிகமா ஆகும்டி" என்றாள் அம்மா. "நாள் பூரா மாவோட மல்லுக்கட்டணும். சாப்பிடறது பத்து நிமிஷம். நமக்கு அதெல்லாம் வராது."

அம்மா சொன்னதில் தப்பொன்றும் இல்லை. பிறந்தநாளன்றும் அவள் காலையிலேயே தையல்கூடத்துக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அவள் முதுகு படியிறங்கி மறையும்வரை பெர்மெத் கதவருகிலேயே நின்றாள்.

பிறகு குளிர்பெட்டியைத் திறந்தாள். வாரம் முழுவதும் சூப் வைப்பதற்கென்று அம்மா வைத்திருந்த இறைச்சி உள்ளே இருந்தது. அதை எடுக்கலாமா என்று அண்ணன் ஆதிலெட்டிடம் கேட்டாள்.

"வீணாப் போச்சுன்னா வாரம் பூரா வெறும் சூப்புதான். ஞாபகம் வச்சுக்க" என்றான் அவன். ஆனாலும் கத்தியை எடுத்து இறைச்சியை நறுக்கத் தொடங்கினான்.

குழம்பு நன்றாகவே வந்தது. மாவுதான் வம்பு செய்தது. பெர்மெத் பிசைந்து, உருட்டி, கடையில் பார்த்ததுபோல இழுத்தாள். பட்டென்று அறுந்தது. மறுபடி இழுத்தாள். மறுபடியும் அறுந்தது. துண்டுகளைக் கொதிநீரில் போட்டாள். விரல் விரலாக, வேகாத கட்டிகளாக மிதந்தன.

ஆதிலெட் ஒன்றைக் கரண்டியால் தூக்கிப் பார்த்தான். "இதால கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்" என்றான்.

பெர்மெத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மிச்ச மாவின்மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, அடுப்பு மூலையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இறைச்சியும் போயிற்று, பிறந்தநாளும் போயிற்று என்று தோன்றியது. வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

கடைசியில் பாத்திரத்தைக் கழுவலாமென்று எழுந்து கிண்ணத்தை எடுத்தாள். மாவைத் தொட்டவள் அப்படியே நின்றாள். அது காது மடல்போல மெத்தென்றிருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அறாமல் நீண்டது. அதை யாரும் தொந்தரவு செய்யாமல் கொஞ்ச நேரம் விட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மாவைக் கயிறாக உருட்டி எண்ணெய் தடவினாள். இழுத்தால் கை எட்டவில்லை. நடுப்பகுதி தொய்ந்து தரையைத் தொடப் பார்த்தது. மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். கூப்பிட்டால் ஆதிலெட் வந்திருப்பான். அவள் அவனைக் கூப்பிடவில்லை. மாவுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

"அப்பா, எனக்குக் கை எட்டல. இந்த முனையப் பிடிச்சுக்கறீங்களா?"

அப்பா திரும்பவில்லை. "அண்ணனக் கூப்பிடும்மா."

"அவன் அவசரக்காரன். அறுத்துடுவான்."

அப்பா மெல்லத் தலையைத் திருப்பி மாவைப் பார்த்தார். பிறகு மகளின் சிவந்த கண்களைப் பார்த்தார். பெர்மெத் தட்டை ஏந்தியபடி நின்றாள்.

"படுத்துக்கிட்டு இழுக்க முடியாது" என்றார் அவர். "தலகாணிய முதுகுக்கு வை."

பெர்மெத் இரண்டு தலையணைகளை அண்டக் கொடுத்தாள். அப்பா கைகளை ஊன்றி உடம்பை மேலே இழுத்தார். வலியில் பல்லைக் கடித்தார். ஆனால் உட்கார்ந்துவிட்டார். பின் ஒரு முனையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

முதல் கயிறு அறுந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்தது அறவில்லை. பெர்மெத் பின்னால் நகர நகர, அது கட்டிலிலிருந்து கதவுவரை நீண்டது. போர்வையெல்லாம் எண்ணெய். அப்பாவின் தாடியெல்லாம் மாவு. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த ஆதிலெட், ஏதோ கிண்டல் செய்ய வாயெடுத்தவன், அதை விட்டுவிட்டுப் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தான்.

சாயங்காலம் அம்மா வந்தாள். வாசலிலேயே வாசனை பிடித்து, "சூப்புக் கறிய எடுத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளறைக்கு வந்தவள், அப்பா உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். அதற்குமேல் கறியைப் பற்றி அவள் பேசவில்லை.

சமையலறையிலேயே சாப்பிடலாம் என்று அப்பா சொன்னார். அம்மாவும் ஆதிலெட்டும் இரண்டு பக்கமும் தாங்கிக் கொண்டுபோய் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எல்லாரும் சாப்பிட்டார்கள். நூடுல்ஸ் ஒன்று தடிமன், ஒன்று மெலிசு. உப்பும் கொஞ்சம் குறைவுதான்.

"எப்படி இருக்கு?" என்று அம்மா அப்பாவைக் கேட்டாள்.

அப்பா நிதானமாக மென்று விழுங்கினார். "பொய் சொல்லக்கூடாது. கடையில இதவிட நல்லா இருக்கும்."

"அப்ப இவ்வளவு பாடும் எதுக்கு?" என்றான் ஆதிலெட்.

அப்பா காலிக் கிண்ணத்தைப் பெர்மெத்திடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றார். "நீளமா இருக்கறதாப் பாத்துப் போடு."