ஹிசாவின் மூன்று குரல்கள்

அந்த மூச்சு போன வாரம் வரை அங்கே இல்லை.

யோகலட்சுமி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடியும் ஓடவிட்டாள். ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடரின் ஐந்தாவது எபிசோட். வெள்ளத்தில் செத்துப்போன சிறுமி ஹிசா, மூடிய கதவுக்கு வெளியே நின்று, "அக்கா, நான் வந்துட்டேன்" என்று ஜப்பானிய மொழியில் சொல்கிற காட்சி. சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு. நெஞ்சில் சளி கட்டியவர் இழுப்பதுபோலக் கரகரவென்று எழும்பி, பாதியில் நின்றுபோகிற மூச்சு. நூறு தடவையாவது பார்த்த காட்சி இது. ஹிசாவுக்குக் குரல் கொடுத்த நடிகை மூச்சே வாங்காமல் எடுத்த எடுப்பில் வீலென்று கத்துவாள் என்பது இவளுக்கு மனப்பாடம்.

ஹெட்போனில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டாள். தெரு முழுக்க விசைத்தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. சங்கரன்கோவிலில் அந்தச் சத்தத்துக்கு நடுவே எதைத்தான் ஒழுங்காகக் கேட்க முடியும்?

அவள் செய்துகொண்டிருந்தது ஒரு ஒப்பீட்டு வீடியோ. 'மூன்றாம் வாசல்' என்கிற அந்த ஜப்பானியப் படக்கதையில் ஹிசாவுக்குக் குரல் கிடையாது; காகிதத்தில் சும்மா நிற்பாள். பிறகு அவளுக்குக் குரல் கொடுத்தவர்கள் மூன்று பேர். அனிமே நடிகை பயமுறுத்தினாள். அதே கதையின் சினிமாவில் நடித்த சிறுமி, வார்த்தைகளைப் பாதி விழுங்கிப் பாதி துப்பினாள். மூன்றாவது ஆள் புளியங்குடி மிஸ்ரியா. இவளுக்குக் கல்லூரியில் இரண்டு வருடம் இளையவள். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஆசைக்குச் செய்த தமிழ் டப்பிங்கில் மிஸ்ரியா ஹிசாவாகவும் இவள் அந்த அக்காவாகவும் பேசினார்கள்.

"ஹிசா பயங்காட்ட வரலக்கா" என்று மிஸ்ரியா சண்டைக்கு வருவாள். "வீட்டுக்கு வந்திருக்கா. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ள மாதிரிதான் சொல்லணும்."

அப்படித்தான் சொன்னாள். கேட்டவர்கள் யாரும் பயப்படவில்லை, அழுதார்கள். மற்ற இரண்டு பேரும் பேயாக நடித்தார்கள், மிஸ்ரியா ஒரு குழந்தையாக நடித்தாள். வீடியோவில் இதைத்தான் சொல்லப்போகிறாள். மீதியைச் சொல்லப்போவதில்லை.

மாதத்துக்கு ஒரு நாள், மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை கரண்ட்டை நிறுத்தும். தறிகள் ஓயும். அன்றைக்குத்தான் லேப்டாப்பில் சார்ஜ் ஏற்றிவைத்துக்கொண்டு ரெக்கார்டிங். ஆரம்பித்துவிட்டால் யார் தட்டினாலும் கதவைத் திறக்கக்கூடாது. மிஸ்ரியா போட்ட சட்டம் அது.

போன வருடம் அப்படியொரு நாளில், தன் பகுதியை முடித்துவிட்டு மிஸ்ரியா பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அவளுடைய ஆஸ்துமா இன்ஹேலர் மேஜையிலேயே கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. யோகலட்சுமி அக்காவின் வசனங்களைப் பேசிக்கொண்டிருந்தபோது கதவு மூன்று தடவை தட்டப்பட்டது. எரிச்சலாக வந்தது. சட்டம் போட்டவள்தானே, இருக்கட்டும் என்று தொடர்ந்து பேசினாள். பதினொரு நிமிடம் கழித்துத் திறந்தபோது, மாடிப்படியில் மேலிருந்து இரண்டாவது படியில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் மிஸ்ரியா. உதடு நீலமாகியிருந்தது. மூச்சு இல்லை.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள். இன்ஹேலரைத் தெப்பக்குளத்தில் எறிந்தாள். பதிவில் விழுந்திருந்த தட்டல்களை அழித்தாள். ஹிசாவின் வசனத்துக்கு முன்னால் இருந்த மிஸ்ரியாவின் இழுப்பையும் கேட்கப் பொறுக்காமல் அழித்தாள்.

மிஸ்ரியாவின் உம்மா ஷரீபா பீவி மட்டும் ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் கேட்பாள்: "அவ பையில மருந்து இல்லியே மக்கா. எங்க போச்சு?"

இன்றைக்கு அந்த உம்மா வருகிறாள். மகளின் குரலை ஒரு தடவை கேட்டுவிட்டுப் போக வேண்டுமாம்.

ஒன்பது மணிக்கு மின்விசிறி நின்றது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, கடைசித் தறியும் நின்றதும் தெருவே காது அடைத்ததுபோல ஆனது. யோகலட்சுமி சினிமாக் காட்சியை ஓடவிட்டாள். அதிலும் அந்த மூச்சு இருந்தது. மிஸ்ரியாவின் பதிவைப் போட்டாள். அதில் இல்லை. இவள் அழித்தது அழித்தபடியே இருந்தது. அங்கே இருக்க இடமில்லாமல் மற்ற இரண்டிலும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

போன் அடித்தது.

"பஸ்ஸு இப்பதான் எடுக்கான் மக்கா" என்றாள் ஷரீபா பீவி. "முக்கா மணி நேரத்துல வந்திருதேன்."

வேலையைப் பார்ப்போம் என்று போனை வைத்தாள். பேசத் தொடங்குமுன் வெறும் அறையின் அமைதியை அரை நிமிடம் பதிவு செய்வது வழக்கம்; பின்னால் இரைச்சலை நீக்க அது உதவும். மைக்கை ஆன் செய்துவிட்டு அசையாமல் இருந்தாள். பழைய மெத்தைகளைத் தொங்கவிட்ட சுவர்களிலிருந்து வெயிலில் காய்ந்த பஞ்சின் வாசனை வந்தது. அதோடு, எங்கிருந்தோ, மிஸ்ரியா எப்போதும் தேய்த்துக்கொள்கிற தைலத்தின் வாசனையும் வந்தது. முப்பது விநாடி. எந்தச் சத்தமும் இல்லை.

திரும்பப் போட்டுக் கேட்டாள்.

பன்னிரண்டாவது விநாடியில் ஒரு தட்டல். இன்னொன்று. இன்னொன்று. பிறகு அந்த மூச்சு.

ஹெட்போனைக் கழற்றினாள்.

மூச்சு நிற்கவில்லை.

கதவுக்கு வெளியே.

உம்மாவாக இருக்க முடியாது. பஸ் புளியங்குடியைக்கூடத் தாண்டியிருக்காது.

தட்டல். மூன்று.

"அக்கா, நான் வந்துட்டேன்."

பயமுறுத்தவில்லை அந்தக் குரல். களைத்திருந்தது. பையைக் கழற்றி வைக்க இடம் தேடுகிற பிள்ளையின் குரல். யோகலட்சுமிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பதினொரு நிமிடம். அன்றைக்குப் பதினொரு நிமிடம் மைக் முன்னால் இதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவையாவது. எழுந்தாள். தாழ்ப்பாள் சில்லென்று இருந்தது.

திறந்தாள்.

மேலிருந்து இரண்டாவது படி. முதுகைக் காட்டிக்கொண்டு. அன்றைக்குப் போட்டிருந்த அதே மஞ்சள் துப்பட்டா. தோள்கள் ஏறின. இறங்கின. வலது கை மட்டும் பின்னால் நீண்டு, உள்ளங்கை விரிந்து, காத்திருந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றாள் என்று தெரியாது. கீழே செருப்புச் சத்தம் கேட்டது. படியேறி வந்த ஷரீபா பீவி திருப்பத்தில் நின்றாள். இரண்டாவது படியைப் பார்த்தாள். அலறுவாள் என்று யோகலட்சுமி நினைத்தாள்.

"ஏட்டி, இன்னும் இங்கனயா உக்காந்திருக்க?" என்றாள் உம்மா, தினமும் அதட்டுகிற அதே குரலில். பிறகு யோகலட்சுமியை நிமிர்ந்து பார்த்தாள்.

"மருந்து உள்ளதான இருக்கு? எடுத்துக் குடு மக்கா."

யோகலட்சுமியின் இரண்டு கைகளும் காலியாக இருந்தன. படியில் விரிந்திருந்த உள்ளங்கை மூடவே இல்லை.